சுரங்கம் திறந்தாலும் வழிவிடாத பனிச்சேறு: லாஹௌல் பாதையில் திணறும் பிக்கப் வண்டிகள்

புது தில்லி: ரோதாங் கணவாய்க்கு அடியில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதங்கள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்த இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு மக்களுக்கு அன்றோடு குளிர்காலச் சிறைவாசம் முடிந்ததாகக் கருதப்பட்டது. பெருமளவு அது உண்மையும்கூட. ஆனால், 9.02 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்துக்குள் பனி விழுவதில்லை. அதன் இரு வாயில்களுக்கும் வெளியேதான் விழுகிறது. அங்குள்ள சாலைகளில்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சரக்கு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகள் சறுக்கியும் சிக்கியும் நிற்கின்றன.

முன்பெல்லாம் நவம்பருக்குள் அரிசி, மாவு, மண்ணெண்ணெய், விறகு என அனைத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு வசந்தத்துக்காகக் காத்திருப்பது லாஹௌல் மக்களின் வழக்கம். அவசர நோயாளிகளுக்கு ஹெலிகாப்டர்தான் கதி. இப்போது ஜனவரியிலும் கேலாங் கடைகளுக்குக் காய்கறியும் பாலும் சமையல் எரிவாயு உருளைகளும் வந்து சேர்கின்றன. அவற்றைச் சுமந்து வருபவற்றில் நாடெங்கும் காய்கறிச் சந்தைகளின் வாசலில் நிற்கும் அதே பிக்கப் வண்டிகளும் அடக்கம். சமவெளியில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி அது.

வெற்று வண்டியே வினை: பிக்கப் வண்டியில் என்ஜின் முன்புறம் உள்ளது. ஆனால், பெரும்பாலானவற்றில் என்ஜின் விசை செல்வது பின் சக்கரங்களுக்கு. ஒரு டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றினால் பின் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டால் பின்பகுதி இலேசாகி, அழுத்தமில்லாத சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கனத்த சுமைக்கென அமைக்கப்பட்ட லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும் வெற்று வண்டியில் விறைத்து நிற்பதால், சிறு மேடு பள்ளத்தில்கூட சக்கரம் துள்ளிப் பிடிப்பை இழக்கும்.

லாஹௌலின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அப்பள்ளத்தாக்கின் உருளைக்கிழங்கு, பட்டாணி, காலிஃபிளவர் ஆகியவற்றின் அறுவடை குளிர்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் அங்கிருந்து ஏற்றிவரச் சரக்கு அதிகம் இல்லை. நிறை சுமையோடு சென்ற வண்டி பெரும்பாலும் காலியாகவே திரும்ப வேண்டும். சுரங்கத்தின் தெற்கு வாயில் கடல் மட்டத்திலிருந்து 3,060 மீட்டர் உயரத்தில் உள்ளது. மணாலி நகரமோ அதைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்ந்தது. ஏற்றத்தில் கனமாகச் சென்ற வண்டி, இறக்கத்தில் வெறுமையாக வருகிறது. அதுவும் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகு.

இதற்கு மலைப்பகுதி ஓட்டுநர்கள் கையாளும் மருந்து மணல் மூட்டை. நான்கைந்து மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே அடுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டுகின்றனர். கடைசிப் பலகையை ஒட்டி வைத்தால் வண்டியின் முன்பகுதி தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பை இழக்கும். கட்டாமல் விட்டால் திடீர் பிரேக்கில் மூட்டைகள் முன்னால் பாய்ந்து ஓட்டுநர் அறையை இடிக்கும். கல்லைவிட மணலே நல்லது. சிக்கிக்கொண்ட இடத்தில் மூட்டையை அவிழ்த்துச் சக்கரத்தின் அடியில் தூவலாம் அல்லவா?

உறைபனியைவிட உருகும் பனி: கடுங்குளிரே பெரும் ஆபத்து என்று சமவெளியினர் எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. மைனஸ் 15 டிகிரியில் பனி உலர்ந்து மணல்போல் நெறுநெறுக்கும். டயருக்கு ஓரளவு பிடிப்பு உண்டு. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்போதுதான் பனியும் நீரும் கலந்து கூழாகிச் சாலையில் தேங்குகிறது. டயரின் வரிப்பள்ளங்களை இந்தச் சேறு அடைத்துவிடுவதால், புதிய டயரின் பிடிப்பும் குறைந்துவிடுகிறது. வேகம் சற்றுக் கூடினாலும் சக்கரம் தரையைத் தொடாமல் சேற்றின் மீதே மிதக்கும். முன்சென்ற வாகனங்கள் உண்டாக்கிய தடங்களுக்கு இடையே சேறு வரப்புபோல் எழுந்து நிற்கும். எதிர் வாகனத்துக்கு வழிவிட அதன்மீது ஏறும் வண்டியைச் சாலை ஓரத்துக்கே அது இழுத்துச் செல்லும். ஓரத்தில் வடிகால் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் மறைந்ததும் இதே சேறு கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. மட்கார்டுக்குள் அப்பிய சேறும் கல்லாகி, சக்கரத்தைத் திருப்ப முடியாமல் செய்யும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திய வண்டியில், நனைந்த பிரேக் கட்டைகள் இரவோடு இரவாக டிரம்முடன் ஒட்டிக்கொள்வதும் உண்டு. எனவே, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே அங்கு வழக்கம். டேங்கில் சாதாரண டீசல் இருந்தால், கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

சங்கிலியின் சங்கடம்: பனிப்பொழிவை அடுத்த நாள்களில் ஃபோர் வீல் டிரைவ் எனப்படும் நான்கு சக்கர விசை கொண்ட வாகனங்களையும் டயரில் சங்கிலி பூட்டியவற்றையும் மட்டுமே மணாலியிலிருந்து மேலே அனுமதிப்பது காவல் துறையினரின் நடைமுறை. நியாயமான கட்டுப்பாடுதான். ஆயினும், நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவுமே தவிர நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் சறுக்கும்போது விலையுயர்ந்த ஜீப்பும் பழைய பிக்கப்பும் ஒன்றே. ஏறும் வண்டியைச் சோதிக்கும் அளவுக்கு இறங்கும் வண்டியையும் சோதித்தாக வேண்டும்.

சங்கிலி இறக்கத்திலும் கைகொடுக்கும். ஆனால், உலர்ந்த சாலையில் அதனுடன் ஓடினால் சாலையும் கெடும், சங்கிலியும் அறும். சுரங்கத்தின் உட்புறமோ முழுக்க உலர்ந்த தளம். அப்படியானால் ஒரு வாயிலில் கழற்றி, 9 கி.மீ. கடந்து, மறு வாயிலில் மீண்டும் பூட்ட வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில், பின்னால் வாகனங்கள் ஒலி எழுப்பிக்கொண்டிருக்க, சேற்றில் மண்டியிட்டு இதைச் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? உலர்ந்த தளத்தில் ஓடிவந்த வேகத்திலேயே வெளியே வந்து சேற்றில் இறங்கும் வண்டிகள் சறுக்குவதில் வியப்பில்லை.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் வாகனங்கள் பனியில் சிக்கின. பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் வாகனங்கள். நெரிசலில் அகப்படும் சரக்கு ஓட்டுநர், கதகதப்புக்காக என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு உறங்குவது பெரும் அபாயம். பனி புகைக்குழாயை அடைத்தால் நச்சு வாயு உள்ளே புகுந்துவிடும். பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசஸ்தலத்தில் 2022 ஜனவரியில் பனியில் சிக்கிய கார்களுக்குள்ளேயே 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலரின் மரணத்துக்கு கார்பன் மோனாக்சைடு வாயுவே காரணமாகக் கூறப்பட்டது.

லாஹௌலோடு இது முடியப்போவதில்லை. காஷ்மீரின் சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13-ஆம் தேதி திறக்கப்பட்டுவிட்டது. அதற்கு அப்பால் ஸோஜிலா சுரங்கப் பணி நடைபெறுகிறது. லாஹௌலையும் லடாக்கின் ஜன்ஸ்கர் பகுதியையும் இணைக்கும் ஷிங்கு லா சுரங்கத்துக்கு 2024 ஜூலையில் முதல் வெடி வைக்கப்பட்டது. ஒவ்வொரு சுரங்கத்தின் வாயிலிலும் சங்கிலி பூட்டவும் கழற்றவும் நான்கு வண்டிகளாவது ஒதுங்கி நிற்கக்கூடிய, கூரை வேய்ந்த ஓர் இடமும், திரும்பிவரும் காலி வண்டிகளுக்கு ஒரு மணல் குவியலும் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் திட்டங்களில் அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.