வசைச் சொல்லும் குலப்பெயரும்

எடை குறைத்து விற்கும் கடைக்காரனைத் தளேகாவில் மராத்தியர் 'பாம்டா' என்பர். நம் இல்லங்களில் அத்தகையவனைக் 'கேப்மாரி' என்போம். இரண்டிற்கும் வழக்கில் பொருள் ஒன்றே: ஏமாற்றுக்காரன். நம் சிறுவர் முன்னதைப் பள்ளியிலும் பின்னதை வீட்டிலும் கற்று, விளையாட்டாக வழங்குகின்றனர். இச்சொற்களின் வரலாற்றைப் பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

இவ்விரண்டும் மக்கட் கூட்டத்தாரின் பெயர்களாம். 1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அச்சட்டப்படி அறிவிக்கப்பட்ட கூட்டத்திற் பிறந்தவர், குற்றம் ஏதும் செய்யாதவராயினும், பதிவேட்டில் இடம்பெற்றுக் காவலரின் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. கைரேகை பதிவு செய்யப்பட்டமையால் தமிழ்நாட்டார் இதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். நாடு விடுதலை பெற்றபின், 1952-இல் இச்சட்டம் முற்றும் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் கேப்மாரியும், மகாராட்டிரத்தின் விமுக்த ஜாதிப் பட்டியலில் பாம்டாவும் இன்றும் உள. சட்டம் ஒழிந்தது, வசை ஒழிந்திலது.

அவ்வசையின் சுமையை அறிய விழைவோர்க்கு மராத்தியிலேயே ஒரு நூல் உண்டு. லட்சுமண் கெய்க்வாட் 1987-இல் வெளியிட்ட தம் வரலாற்றிற்கு 'உசல்யா' என்று பெயரிட்டார். பிறர் பொருளைக் கவர்பவன் என்பது அதன் பொருள். தம் கூட்டத்தாரை ஊரார் அழைத்த பெயரும் அதுவே. 1988-இல் அந்நூல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

அவ்வாறாயின் ஏமாற்றுவோனை எவ்வாறு அழைப்பது? எத்தன், புரட்டன், வஞ்சகன் எனத் தமிழில் சொற்கள் பல. தமிழர்க்கும் வடநாட்டார்க்கும் பொதுவான சொல்லும் ஒன்றுண்டு: நாம் 'நானூற்றிருபது' என்பதை இந்தியில் 'சார் சௌ பீஸ்' என்பர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்குரிய 420-ஆம் பிரிவே இதன் தோற்றம். ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420' திரைப்படமும் 1955-இல் இப்பெயர் தாங்கி வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்குரியது 318-ஆம் பிரிவு. எண் மாறியும் பழைய வழக்கு மாறவில்லை. இச்சொல் ஒருவன் செய்த செயலைச் சுட்டுகிறது. அவன் பிறப்பைச் சுட்டுவதில்லை.

பிறந்த நாட்டைக் கொண்டு 'மதராசி' என்று பிறர் எள்ளுங்கால் நம் உள்ளம் நோகின்றதன்றோ? பிறப்பைக் கொண்டு பிறரை வைதல் நமக்குத் தகுமா? இதனை நம் பிள்ளைகட்கு எடுத்துரைப்போமாக.