ராடிக்கியோவுக்கு எது பட்டம்?

ஃபில்டர் காபிப் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்க நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் சிக்கரி, சிக்கோரியம் இன்டிபஸ் என்ற செடியின் வறுத்த வேர். இதே செடியை வேருக்காக இல்லாமல் இலைக்காகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் இத்தாலியின் வெனிடோ பகுதி விவசாயிகள். அப்படி வந்ததுதான் ராடிக்கியோ. பார்க்கச் சின்ன சிவப்பு முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், கடித்தால் கசக்கும்.

வெயில் அதிகமுள்ள ஊரில் இதை வீட்டுத் தோட்டத்தில் போட நினைப்பவர்களுக்கு முதல் குழப்பமே விதைப் பாக்கெட்தான். பல பாக்கெட்டுகளில் 'வசந்த காலத் தொடக்கத்தில் விதைக்கவும்' என்று இருக்கும். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எழுதிய வரி. வெயில் ஊரில் அதை அப்படியே நம்பினால், மாசக்கணக்கில் தண்ணி ஊற்றி வளர்த்த செடி கடைசியில் ஒரு நெட்டைத் தண்டும் நாலு நீலப் பூவும்தான் கொடுக்கும். நல்ல பட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான். தவறவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும்.

ஏன் அப்படி?

சிக்கரி இனம் இயல்பில் முதல் வருஷம் இலையும் வேரும் வளர்த்து, குளிர்காலத்தைத் தாண்டி, அடுத்த வருஷம் பூக்கும் செடி. 'பூக்கலாம்' என்று அதற்குச் சொல்பவை இரண்டு விஷயங்கள்: முதலில் கொஞ்ச நாள் குளிர், பிறகு நீண்ட பகல். வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் இன்னும் அவசரப்படும். வசந்தத்தில் விதைத்தால் இளஞ்செடி குளிரைப் பார்க்கும், அப்புறம் நீளும் பகலைப் பார்க்கும், கோடை வெயிலும் பின்னாலேயே வந்துவிடும். பூத்தண்டு விடாமல் என்ன செய்யும்?

இலைகள் சுருண்டு கெட்டியான உருண்டையாகக் கட்டும் நேரத்தில், பகல் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின் குளிரில்தான் நன்றாக ஏறும். வெயிலில் வளர்ந்த இலை பச்சையாகவே நிற்கும், கசப்பும் தாங்காது.

சொந்த ஊரிலேயே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ட்ரெவிசோவின் பின்பருவ ராடிக்கியோவை ஜூன், ஜூலையில் விதைத்து, ஆகஸ்டுக்குள் நாற்று நட்டு, நவம்பரில் உறைபனி விழுந்த பிறகுதான் எடுக்கிறார்கள். கோடையில் விதை, குளிரில் அறுவடை. ஆக, நமக்குத் தேவையான விதி இதுதான்: விதைக்கும் நாளை முதலில் தேடாதீர்கள். உங்கள் ஊரில் அதிகக் குளிரான வாரங்கள் எவை என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரிலீஸ் தேதியை வைத்து வேலையைப் பிரிக்கிற மாதிரிதான்.

ஹூஸ்டன் கணக்கு

டெக்சாஸின் ஹூஸ்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜனவரியில் பகல் சராசரி 17 டிகிரி, இரவு 7 டிகிரி ஒட்டி இருக்கும். உருண்டை கட்டுவது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் நடக்கணும். நாற்று நட்டதிலிருந்து அறுவடைக்கு, உருண்டையான கியோஜா வகைக்குச் சுமார் 60 முதல் 85 நாள் ஆகும். நீளமான ட்ரெவிசோ வகை இன்னும் தாமதம். அப்படியென்றால் நடவு அக்டோபர் மூன்றாம் வாரம். நாற்றுக்கு நாலைந்து வாரம் வேணும். ஆக விதைப்பு செப்டம்பர் நடுவில். நம் கணக்கில் புரட்டாசிப் பட்டம், தைக்கு அறுவடை.

அதே ஊரில் பிப்ரவரியில் விதைத்தால்? உருண்டை கட்ட வேண்டிய மே மாதத்தில் பகல் 30 டிகிரி, பகலின் நீளமும் பதின்மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அறுவடை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பரில் ஹூஸ்டன் இன்னும் கொதிக்கும். மண் 30 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு குறையும், சீராகவும் வராது. அதனால் நேரடியாகப் பாத்தியில் தூவாமல், குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து நிழலில், முடிந்தால் வீட்டுக்குள் வைத்து முளைக்க விடுங்கள். முளைத்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. நடும்போது செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டர். வேரைச் சுற்றி மூடாக்கு போட்டு, மண் காயாமல் பார்த்துக்கணும். ஊருக்குள் லேசான உறைபனி வந்தால் பயம் வேண்டாம், ருசி கூடத்தான் செய்யும்.

எல்லா விதையும் ஒரே மாதிரி உருண்டை கட்டாது. சில செடி விரிந்த இலையோடு அப்படியே நின்றுவிடும். எனவே இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை விதைப்பது நல்லது. ஒரு வருஷக் குளிர் முன்னாடி வந்தாலும் பின்னாடி வந்தாலும் ஒரு தொகுதியாவது தப்பிக்கும்.

நம்ம ஊரில்?

பெங்களூரு, ஓசூர் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரி வரை இறங்கும், ஆனால் பகல் 27. செப்டம்பர் கடைசியில் விதைத்து முயன்று பார்க்கலாம், உருண்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரிக்கு மேல். அங்கே பகல் நீளம் வருஷம் முழுக்க 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் தடையாக நிற்பது வெப்பம்தான். நாற்று நடுகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வேறு. மாடியில் மழை படாத இடத்தில் வைத்து, உருண்டைக்குக் காத்திருக்காமல் இளம் இலையைக் கீரை மாதிரி பறித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

காபிக்கான சிக்கரியையும் குஜராத்தின் ஜாம்நகர் பக்கம் ரபி பருவத்தில்தான், அதாவது மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போதுதான், விதைக்கிறார்கள். வேருக்கானாலும் இலைக்கானாலும் செடி ஒன்றுதானே.