தலைக்கு மேல ஃப்ளைட்... தரையில கணக்கு!

பம்மல், பொழிச்சலூர் பக்கமா உங்க வீடு? அப்படின்னா, மொட்டை மாடிக்கு மேல தினமும் எத்தனை விமானம் உறுமிக்கொண்டு போகிறது என்று எண்ணுவதையே விட்டிருப்பீர்கள். ஆனால், அதை எண்ணுவதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எத்தனை சீட், எத்தனை தலை, எத்தனை டன் சரக்கு, எவ்வளவு வரவு... எல்லாம்! எந்த ஊருக்கு நேர் ஃப்ளைட் கிடைக்கும், ரன்வே எங்கே வரும், அதற்காக யாருடைய வயல் போகும் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்க பாஸ், கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்!

உலகத்துக்கே ஒரு லெட்ஜர்

1944 டிசம்பர் 7-ம் தேதி, சிகாகோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. சுருக்கமாக 'ஐகாவோ'. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியல். 193 நாடுகள் உறுப்பினர்கள். அந்த ஒப்பந்தத்தின் 67-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு நாடும் தன்னுடைய சர்வதேச ஏர்லைன்ஸ்களின் போக்குவரத்துக் கணக்கு, செலவுக் கணக்கு, வரவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்!

எதுக்கு இந்த மெனக்கெடல்? இரண்டு நாடுகள் உட்கார்ந்து 'உனக்கு இத்தனை சீட், எனக்கு இத்தனை சீட்' என்று பேரம் பேசும்போது, இரண்டு பேர் கையிலும் ஒரே அளவுகோல் இருந்தால்தானே பேச்சு நகரும்!

ஒரு சின்ன கணக்கு

180 சீட் விமானம் ஒன்று, சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 150 பேரோடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 2,900 கி.மீ. சீட்டை தூரத்தால் பெருக்கினால் 5,22,000. ஆட்களை தூரத்தால் பெருக்கினால் 4,35,000. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சுமார் 83 சதவிகிதம். இதற்குப் பெயர்தான் 'லோட் ஃபேக்டர்'. ஒரு ரூட் தாக்குப்பிடிக்குமா, ஊத்தி மூடுமா என்று பார்க்க ஏர்லைன்ஸ் முதலில் தேடுவது இந்த நம்பரைத்தான்.

ஆனா, நம்பர் சில சமயம் கண்ணாமூச்சி ஆடும். தாம்பரத்துக்காரர் ஒருவர் துபாய் வழியாக நியூயார்க் போகிறார். ஃப்ளைட் கணக்கில் அவர் 'சென்னை - துபாய்' பயணி. உண்மையில் அவருக்கு துபாயில் வேலையே இல்லை! எங்கே கிளம்பி, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதைத் தனியாகப் பார்த்தால்தான் நிஜமான தேவை புரியும்.

இது வெட்டி விவாதம் இல்லை. இந்தியா - துபாய் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு சுமார் 66 ஆயிரம் சீட்தான் உச்சவரம்பு. 'ஏத்திக் கொடுங்க' என்று துபாய் தரப்பு பல வருடங்களாகக் கேட்கிறது. 'எங்க பயணி உங்க ஊர்ல ஃப்ளைட் மாறி அமெரிக்கா போனா, லாபம் யாருக்கு?' என்பது இந்தியத் தரப்பின் கவலை. அதிக சீட் வந்தால் டிக்கெட் விலை குறையலாம் என்பது நம்ம கவலை. மூன்று கவலைக்குமே பதில் டேட்டாவில்தான் தேடணும்.

சென்னை எங்கே நிக்குது?

2018-19-ல் சென்னை ஏர்போர்ட்டைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2 கோடியே 25 லட்சம் பேர். ஹைதராபாத் சுமார் 2 கோடியே 14 லட்சம். அதாவது, நாம்தான் முன்னாடி! கொரோனா வந்தது. 2020-21-ல் நம்ம கூட்டம் அதற்கு முந்தைய வருடத்தில் சுமார் கால் பங்காகச் சுருங்கியது. 2023-24-ல் சென்னை ஏறி வந்தது 2 கோடியே 12 லட்சத்துக்கு. ஹைதராபாத்தோ 2 கோடியே 50 லட்சம். பெங்களூரு 3 கோடியே 75 லட்சம்!

அந்த இரண்டு ஊரிலும் 2008-ல் ஊருக்கு வெளியே புது ஏர்போர்ட் திறந்தார்கள். பெங்களூருவில் 2019-ல் இரண்டாவது ரன்வேயும் வந்தது, முதலாவதுக்கு இணையாக. நமக்கோ ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, இரண்டாவது ரன்வேக்குக் கீழே அடையாறு. இருக்கும் இரண்டு ரன்வேயும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், இஷ்டத்துக்கு ஒரே நேரத்தில் பயன்படுத்தவும் முடியாது. 2023 ஏப்ரலில் திறந்த புது டெர்மினல், உள்ளே கூட்டத்துக்கு இடம் கொடுத்தது. ரன்வே மட்டும் அதே ரன்வேதான்!

எட்டா, நாலா?

இங்கேதான் பரந்தூர் வருகிறது. 2022 ஆகஸ்ட்டில் தமிழக அரசு அறிவித்த திட்டம். வருடத்துக்கு 10 கோடிப் பயணிகள், அப்போதைய மதிப்பீடு 20 ஆயிரம் கோடி ரூபாய். 2025-ல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதலும் கொடுத்தது. தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்தே எதிர்த்துப் போராடுகிறார்கள். போவது வயலும் ஏரியும் வீடும்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. 2 கோடியே 12 லட்சம், வருடத்துக்கு 8 சதவிகிதம் வளர்ந்தால் 10 கோடியைத் தொட சுமார் 20 வருடம். 6 சதவிகிதம் என்றால் 27 வருடம். 4 சதவிகிதம் என்றால் கிட்டத்தட்ட 40 வருடம்! ஒரே ஃபார்முலா, ஒரே ஊர். வளர்ச்சி விகிதத்தில் நாலு புள்ளி இறங்கினால், இன்று பிறக்கும் குழந்தை காலேஜ் முடிக்கும் நேரமா, அதன் பிள்ளை காலேஜ் போகும் நேரமா என்று கதையே மாறிவிடுகிறது.

அதனால ஏர்போர்ட்டே வேண்டாம்னு அர்த்தமில்லை. கூட்டம் நெருக்கியடித்த பிறகு கட்ட ஆரம்பித்தால் லேட். சீக்கிரமே கட்டி காலியாகக் கிடந்தால் பணமும் போச்சு, நிலமும் போச்சு. 'எந்த விகிதம் போட்டீங்க, ஏன் போட்டீங்க, இன்னொரு கொரோனா வந்தா கணக்கு என்னாகும்?' என்று கேட்பதற்கு அந்த மூன்று விடைகளும் கையில் இருக்கணும். ஏகனாபுரத்து விவசாயிக்கும் அந்தக் கணக்கைப் புரியுற மாதிரி காட்டணும்.

நம்ம வேலை என்ன?

இந்திய விமான நிலைய ஆணையம் மாதாமாதம் ஒவ்வொரு ஏர்போர்ட்டின் பயணிகள், விமானங்கள், சரக்கு எண்ணிக்கையை வெளியிடுகிறது. சர்வதேசப் போக்குவரத்துக் கணக்கை டி.ஜி.சி.ஏ. தருகிறது. எல்லாம் ஓசி! எக்ஸெல் தெரிந்தால் போதும். பத்து வருடக் கணக்கை ஒரு கிராஃபாகப் போடுங்கள். கொரோனா வருடங்களைச் சேர்த்து ஒரு தடவை, விட்டுவிட்டு ஒரு தடவை கோடு இழுத்துப் பாருங்கள். இரண்டு கோடும் இரண்டு வேற வேற சென்னையைக் காட்டும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்தவர்தான் அப்துல் கலாம். ராக்கெட் கனவு காணும் கூட்டம் இன்னும் அங்கே இருக்கிறது. கூடவே, கணக்கைப் பிரித்துப் பார்த்து கேள்வி கேட்கும் ஒரு கூட்டமும் வேண்டும் ஃப்ரெண்ட்ஸ். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்கலைன்னு புலம்புறவங்க, இதை எடுத்துக்கலாமே!