கைப்பேசிச் சேவைப் பரப்பு: நிறுவனங்களை ஒப்பிடுவது எவ்வாறு?

புதிய ஊருக்கு மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரோ சுகாதாரப் பணியாளரோ அங்குள்ளோரிடம் முதலில் கேட்கும் வினாக்களுள் ஒன்று, "இங்கு எந்த சிம் எடுக்கும்?" என்பதாகும். குடிநீரைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் முன்னாளில் கேட்கப்பட்ட வினாக்களோடு இதுவும் இன்று சேர்ந்துவிட்டது. நியாயவிலைக் கடையில் கைரேகையைச் சரிபார்க்கும் கருவியும், அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் பதிவு செய்யும் செயலியும், பிரசவ வேளையில் ஊர்தியை வரவழைக்கும் அழைப்பும் இவ்வலைகளையே நம்பி நிற்கின்றன. அலை எட்டாமையால் கைரேகை ஏற்கப்படாவிடில், அரிசி வாங்க வந்தவர் வெறும் பையுடன் திரும்ப நேரிடுகிறது.

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தொடங்கிற்று. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் அன்று பேசியதே முதல் அழைப்பாகும். அதன்பின் பல நிறுவனங்கள் தோன்றின, சில மறைந்தன, சில ஒன்றோடொன்று இணைந்தன. ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, அரசுக்குரிய பி.எஸ்.என்.எல். ஆகிய நான்குமே இன்று நாடளாவியனவாகக் கருதப்படுவன.

எனினும், "நாடளாவிய" என்னும் சொல்லைச் சற்று நிதானித்தே கொள்ளல் வேண்டும். உரிமத்தின் பொருட்டு நாடு 22 சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அலைக்கற்றை இப்பகுதிவாரியாகவே ஏலத்தில் விடப்படுகிறது. அசாம் ஒரு பகுதி. அருணாசலப் பிரதேசம், மணிப்பூர், மேகாலயம், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய ஆறும் சேர்ந்து மற்றொரு பகுதி. ஒரே நிறுவனம் ஒரு பகுதியில் மிகுந்த அலைக்கற்றையும் அடுத்த பகுதியில் குறைந்த அலைக்கற்றையும் பெற்றிருத்தல் இயல்பு. தில்லியில் சிறந்து விளங்கும் நிறுவனம் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் அவ்வாறே விளங்கும் எனக் கொள்ள இடமில்லை.

வரைபடம் என்பது யாது?

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிடுதல் வேண்டும். பயனாளர்க்கு இது பெரிதும் உதவக்கூடிய ஏற்பாடு. ஆயினும், வண்ணம் தீட்டப்பட்ட இடமெல்லாம் ஒருவர் நேரில் சென்று அளந்த இடம் என்று எண்ணிவிடலாகாது. கோபுரம் நிற்கும் இடம், அதன் உயரம், ஏரியல் நோக்கும் திசை, அனுப்பப்படும் திறன், இடைப்பட்ட நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் இட்டு, ஒவ்வோரிடத்திலும் அலை எவ்வளவு வலிமையுடன் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டே இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் ஆக்கப்படுகின்றன.

இக்கணக்கீட்டு முறைகளுள் பெயர்பெற்றது ஒன்று ஜப்பானில் தோன்றியது. தோக்கியோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஒக்குமுரா என்பாரும் அவருடைய உடன்பணியாளரும் செய்த அளவீடுகள் 1968இல் வெளிவந்தன. அவற்றை ஹாட்டா என்பார் 1980இல் எளிய சூத்திரமாக வகுத்தார். பின்னர் வேறு பல சூத்திரங்களும் தோன்றியுள்ளன. உள்ளூர் அளவீடுகளைக் கொண்டு பொறியாளர் அவற்றைத் திருத்தியும் கொள்கின்றனர். அவ்வாறு திருத்தப்படாத சூத்திரம், பஸ்தாரின் சால மரக் காட்டைத் தோக்கியோவின் புறநகராகவே கருதிக் கணக்கிட்டுவிடும்!

கணக்குக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளி எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். நாட்டுப்புறங்களில் 4ஜி சேவையைப் பரப்புதற்கு மானியம் வழங்க அந்நாட்டின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் திட்டமிட்டது. எவ்விடங்களில் சேவை இல்லை என்பது நிறுவனங்கள் அளித்த வரைபடங்களைக் கொண்டே தீர்மானிக்கப்படவிருந்தது. ஆணையத்தின் பணியாளர் ஊர்திகளில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து சோதித்தனர். வரைபடத்தில் கூறப்பட்ட குறைந்தபட்ச வேகம் அச்சோதனைகளில் சுமார் 62 விழுக்காட்டிலேயே கிட்டியது என்று 2019 டிசம்பரில் வெளியான அவர்களது அறிக்கை தெரிவித்தது. சேவை இல்லாத ஊர்களும் வரைபடத்தில் வண்ணம் பெற்றிருந்தமையால், மானியத்திற்குரிய தகுதியை இழக்கும் நிலையில் இருந்தன. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது.

கிராமங்களை எண்ணிக்கையால் ஒப்பிடுவதிலும் இதையொத்த இடர்ப்பாடு உண்டு. நாட்டிலுள்ள சுமார் 6,44,000 கிராமங்களுள் 6,23,000க்கு மேற்பட்டவற்றில் கைப்பேசிச் சேவை இருப்பதாக 2024ஆம் ஆண்டின் இறுதியில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இது பெரும் சாதனையே. ஆனால் கணக்கில் ஒன்றாக எண்ணப்படும் கிராமம் நிலத்தில் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நடு இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் ஒரே கிராமம் "பாரா" எனப்படும் பல குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியும் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தருகே அலை எட்டுவது, ஓடைக்கு அப்பாலுள்ள பாராவிலும் எட்டுகிறது என்பதற்குச் சான்றாகாது.

அலை செல்லும் வழி

ஒரே மலையடிவாரத்தில் ஒரு நிறுவனத்தின் அலை எட்டி, மற்றொன்றின் அலை எட்டாமற்போவது ஏன்? கோபுரத்தின் தொலைவு முதற்காரணம். அதிர்வெண் அடுத்த காரணம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர்; 900 மெகாஹெர்ட்ஸுக்கு 33; 1800க்கு 17; 2300க்கு 13. நகரங்களில் 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே வகை ஏரியல்களைக் கொண்டு திறந்த வெளியில் அனுப்பினால், அதிர்வெண் இருமடங்கானவுடன் பெறப்படும் திறன் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இடையில் சுவரும் மரமும் மேடும் குறுக்கிட்டால், நீண்ட அலை ஓரளவு வளைந்து சென்று சேரும்; குறுகிய அலை பெரும்பாலும் தடைபட்டு நிற்கும். மற்றொரு புறம், உயர்ந்த அதிர்வெண்களில்தான் அகன்ற அலைக்கற்றை கிடைக்கிறது. பெருமளவு தரவை விரைந்து அனுப்ப அதுவே ஏற்றது. ஆகவே, தொலைவு செல்வதற்கொன்றும் சுமை சுமப்பதற்கொன்றுமாக நிறுவனங்கள் பல அதிர்வெண்களை வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் 5ஜி வரைபடத்தை மற்றொன்றின் 4ஜி வரைபடத்தோடு ஒப்பிடுவதால் பயனில்லை.

கருவியின் வகையும் நோக்கத்தக்கது. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ, 2ஜி, 3ஜி இரண்டும் இன்றி 4ஜியிலேயே தொடங்கிற்று. பழைய 2ஜி பொத்தான் கைப்பேசியை வைத்திருக்கும் மூதாட்டிக்கு அந்நிறுவனத்தின் வரைபடம் எவ்வளவு விரிந்திருந்தும் பயனில்லை.

களப்பணியாளர் பலரைக் குழப்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. திரையில் கோடுகள் தெரிகின்றன, அழைப்போ செல்வதில்லை. கோபுரத்தின் குரல் உரத்தது. அது பத்துக்கணக்கான வாட் திறனில் அனுப்புகிறது. 4ஜி கைப்பேசியோ மிகுதியாகப் போனால் வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு திறனிலேயே பதிலுரைக்கிறது. எல்லைப்புறத்தில் கோபுரத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் குரல் கோபுரத்திற்குக் கேளாது. திரையிலுள்ள கோடுகள் கைப்பேசி எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுவன. 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 2ஜி கைப்பேசியோ விட்டுவிட்டு 2 வாட் வரை அனுப்பவல்லது. பழைய கருவி பேசுமிடத்தில் புதிய கருவி ஊமையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலை வந்து சேர்ந்த பின்னரும் தடை நேரலாம். கோபுரம் பெற்ற தரவை வெளியுலகிற்குக் கொண்டு செல்லக் கண்ணாடியிழையோ, நுண்ணலை இணைப்போ, செயற்கைக்கோளோ வேண்டும். அந்தமான் தீவுகளின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். அங்கு வெளித் தொடர்பு நெடுங்காலம் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. கோபுரத்தடியிலேயே நின்றாலும் தரவு ஊர்ந்தே சென்றது. சென்னையிலிருந்து அன்றைய போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம் வரையும் பிற தீவுகள் வரையும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறிற்று. சேவைப் பரப்பு வரைபடம் எதுவும் இவ்வேறுபாட்டைக் காட்டியிராது.

கோடுகளை விடுத்து எண்களை நோக்குதல்

இத்தனை கோடுகள் தெரிந்தால் இவ்வளவு வலிமை என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. கருவி செய்வோர் தத்தம் விருப்பப்படி வகுத்துக்கொள்கின்றனர். தன் ஐபோனில் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரம் பிழையானது என்றும், உள்ளதைவிட மிகுத்துக் காட்டிற்று என்றும் 2010இல் ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. ஆதலின் கோடுகளை எண்ணுவதைவிட, ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் "அமைப்புகள்" பகுதியில் "சிம் நிலை" என்பதன்கீழ் டி.பி.எம். அலகில் காணப்படும் எண்ணைக் குறித்துக்கொள்வது நன்று.

இவ்வெண் குறைக்குறியுடன் தோன்றும். 4ஜி சேவையில் –80 என்பது நல்ல வலிமை, –100 நடுத்தரம், –110க்குக் கீழே தடுமாற்றம், –120 ஏறக்குறைய இன்மையே. பத்துப் பத்தாக இறங்கும்போது வலிமை ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகிறது. –100 என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்குகளாக்கி, அவற்றுள் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்குச் சமம். இத்துணை நுண்ணிய திறனைக் கொண்டு குழந்தையின் எடைப் பதிவு தலைநகர் வரை சென்றுவிடுவது வியப்புக்குரியதே. ஒன்றை நினைவிற் கொள்க: 2ஜியில் காட்டப்படுவது முழு அலைவரிசையின் வலிமை, 4ஜியில் காட்டப்படுவது அதன் நூற்றுக்கணக்கான மெல்லிய கூறுகளுள் ஒன்றன் வலிமை. எனவே 2ஜியின் –95உம் 4ஜியின் –95உம் ஒன்றல்ல. 4ஜியை 4ஜியோடுதான் ஒப்பிடுதல் வேண்டும்.

ஊரளவில் அளப்பதற்கு ஒரு கைப்பேசியும் இரண்டு அல்லது மூன்று சிம் அட்டைகளும் போதும். கருவி ஒன்றாகவே இருத்தல் இன்றியமையாதது. ஏரியல் கருவிக்குக் கருவி வேறுபடும். பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, துணைச் சுகாதார நிலையம், கடைக்கோடிக் குடியிருப்பு ஆகிய இடங்களில், கட்டடத்தின் உள்ளும் புறமும், ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறிக்கலாம். கற்சுவரும் தகரக் கூரையும் உள்ள அறையில் எண் வெகுவாக இறங்கிவிடும். அவ்விடத்தில் செய்ய வேண்டிய பணியையும் உடனே செய்து பார்ப்பது நலம். கைரேகைச் சரிபார்ப்புக்குச் செல்லும் தரவு மிகச் சிறிது. பாடக் காணொளிக்கோ மிகுதி. முன்னதற்குப் போதிய சேவை பின்னதற்குப் போதாமலிருக்கலாம். பலரும் ஒருங்கே பயன்படுத்தும் மாலை வேளையிலும் ஒருமுறை அளத்தல் வேண்டும். அவ்வேளையில் எண் மாறாதிருந்தும் வேகம் குன்றும்.

மின்தடை நேர்ந்த நாளொன்றிலும் அளத்தல் தகும். கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். அதன்பின் டீசல் இயந்திரம் இயங்குமா என்பது உள்ளூர்ப் பராமரிப்பைப் பொறுத்தது. "மழை பெய்தால் டவர் போய்விடும்" என்பது ஊர்வழக்கு. கைப்பேசி அலைகளை மழைத்துளிகள் பெரிதாகக் குறைப்பதில்லை. மழையோடு வரும் மின்தடையும், கோபுரங்களை இணைக்கும் உயர் அதிர்வெண் நுண்ணலை இணைப்பு மழையில் நலிவதும், நனைந்த இலைகளுமே பெரும்பாலும் காரணம்.

அளந்தபின் சராசரி எடுப்பது தவறான முடிவுக்கு வழிகோலும். பள்ளியில் –80உம் கடைக்கோடிக் குடியிருப்பில் –120உம் காட்டும் நிறுவனத்தின் சராசரி –100. இரண்டிடத்திலும் –105 காட்டும் நிறுவனத்தைவிட அது மேலானதாகத் தோன்றும். அக்குடியிருப்பிலிருந்து பிரசவத்திற்கு ஊர்தியை அழைக்க வேண்டிய பெண்ணுக்கு முன்னதால் பயனில்லை. ஊர்ப்பணிக்கு சிம் தெரிந்தெடுப்போர் மிகத் தாழ்ந்த எண்ணையே முதலில் ஒப்பிட வேண்டும்.

சில ஊர்களில் இவ்வொப்பீட்டின் தேவையே குறைந்து வருகிறது. சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஏற்றது. மேலும், டிஜிட்டல் பாரத் நிதியின் உதவியால் நிறுவப்பட்ட 4ஜி கோபுரங்களை ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர் பொதுவாகப் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்தகைய கோபுரத்தின் நிழலிலுள்ள ஊரில் இம்மூன்றுள் எந்த சிம்மும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், அருகிலுள்ள கோபுரம் அவ்வகையினதா என முதலில் விசாரித்தறிவது வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதற்குரிய குறியீட்டைப் பெறலாம். ஆனால் புதிய நிறுவனத்தில் 90 நாட்கள் இருந்த பின்னரே மீண்டும் மாற இயலும். மாற விரும்பாதோர், இருக்கும் நிறுவனத்தின் குறைதீர் மையத்தில் முறையிடலாம். நாள், நேரம், இடம், டி.பி.எம். எண், கருவியின் வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, முறையீட்டுக்கு அளிக்கப்படும் பதிவெண்ணைப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். அம்மையம் அளிக்கும் தீர்வு போதாதாயின், அந்நிறுவனத்திலேயே அமைந்துள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதே பதிவெண்ணைக் காட்டி எழுதலாம்.