யூனிக்ஸ் குடிபெயர்ந்த கதை – 5: வேரில் ஒட்டிய மண்

சென்ற வாரம் நியூ ஜெர்ஸியில், மர்ரே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆய்வகத்தின் மூலையொன்றில் பிடிபி-11 இயந்திரத்தை விட்டுவந்தோம். 1970ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் வந்து சேர்ந்த அவ்வியந்திரம், தனக்குரிய டிஸ்க் டிசம்பர் மாதம் வரையில் வாராமையால், ஆறுக்கு எட்டுக் கட்டங்கொண்ட சதுரங்கப் பலகையில் ஒரு குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே மீளத்தகும் வழிகளையெல்லாம் மூன்று மாத காலம் கணக்கெடுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். யூனிக்ஸின் நிலையும் அதன் பிறகு சில ஆண்டுகள் ஏறக்குறைய அந்தக் குதிரையின் நிலைதான். 1973இல் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அதனைச் சி மொழியில் திருப்பி எழுதிவிட்ட பின்னரும், பல்கலைக்கழகங்கள் பல அதனை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்ட பின்னரும், பிடிபி வம்சத்தின் கட்டங்களுக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வந்தது.

சி மொழி எந்த இயந்திரத்துக்கும் உரியதன்று. ஆகவே அம்மொழியில் எழுதப்பட்ட யூனிக்ஸும் எவ்வியந்திரத்திலும் இயங்கும் என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இஃது உண்மையில் பாதிதான். நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றின் வேரில் அந்நிலத்து மண் ஒட்டிக்கொண்டே வருவதைப்போல, ஓர் இயந்திரத்தில் பிறந்து வளர்ந்த நிரலில், எழுதியவர்களே அறியாதவண்ணம், அவ்வியந்திரத்தின் சுபாவம் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்றை வேறு வயலில் நட்டுப் பார்க்கும் வரையில் எது வேர், எது மண் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதன்முதலில் நட்டுப் பார்த்தவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவரல்லர் என்பதுதான் இக்கதையின் விசேஷம். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்போன வொலொங்கொங் என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜூரிஸ் ரெய்ன்ஃபெல்ட்ஸ் என்பாரின் துறை வாங்கியிருந்தது பிடிபி அன்று. இன்டர்டேட்டா 7/32 என்னும் 32 பிட் இயந்திரம். அவருக்கோ யூனிக்ஸின் மேல் ஆசை. பக்கத்தில் சிட்னியிலுள்ள நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலை வரிக்கு வரி உரை எழுதி மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நிரலுக்கு உரையாசிரியர் ஒருவர் தோன்றியதும், அவ்வுரை பிற்காலத்தில் உரிமக் கட்டுப்பாடுகளை மீறி நகலின் நகலாக உலகெங்கும் கைமாறியதும் தனி அத்தியாயத்துக்கு உரிய செய்திகள், இங்கே நீட்டுவதற்கில்லை.

யூனிக்ஸை இன்டர்டேட்டாவில் நட்டுப் பார்க்கும் காரியத்தை ரிச்சர்ட் மில்லர் என்னும் இளைஞர் மேற்கொண்டார். அவர் கையாண்ட முறையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. புது வீட்டுக்குப் போகிறவன் பழைய குடித்தனக்காரனை முதல் நாளே வெளியேற்றிவிட்டுப் பிறகு விளக்குக்கும் தண்ணீருக்கும் திண்டாடுவதைப்போல் அவர் செய்யவில்லை. சி கம்பைலரை முதலில் இன்டர்டேட்டாவின் மொழியில் நிரல் தரும்படி பழக்கினார். அதன்பின், அவ்வியந்திரத்தோடு வந்த ஓஎஸ்/32 என்னும் இயங்குதளத்தை அகற்றாமலே, அதற்குள் ஒரு சாதாரணப் பணியாக யூனிக்ஸை ஓடவிட்டார். டிஸ்க்கைப் படிப்பதும் முனையத்தில் எழுதுவதும் ஆகிய வேலைகளை வீட்டுக்காரராகிய ஓஎஸ்/32 பார்த்துக்கொள்ள, விருந்தாளியாகிய யூனிக்ஸ் தன் உள்விவகாரங்களை மட்டும் சீர்செய்துகொண்டது. அது நிலைபெற்ற பிறகே வீட்டுக்காரரின் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஈற்றில் வீட்டுக்கே உரிமையுடையதாயிற்று. 1977ஆம் ஆண்டின் முற்பகுதியில் இது நிறைவேறியது. விருந்தாளி வீட்டைப் பறித்துக்கொண்ட கதைகள் சரித்திரத்தில் ஏராளம். ஒருவருக்கும் மனஸ்தாபமின்றி அது நடந்தது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆண்டில் மர்ரே ஹில்லில், ரிட்சியும் ஸ்டீவ் ஜான்ஸனும் அதே வமிசத்துப் பெரிய இயந்திரமாகிய இன்டர்டேட்டா 8/32இல் தனியே இம்முயற்சியைத் தொடங்கினர். பிடிபி-11இன் ரிஜிஸ்டர்கள் எட்டு, ஒவ்வொன்றும் 16 பிட் அகலம். இதில் பதினாறு, ஒவ்வொன்றும் 32 பிட். பிடிபி-11இல் ஓர் எண்ணும் ஒரு முகவரியும் ஒரே அளவின. ஆதலால் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதும் பழக்கம் பலருக்கும் படிந்துபோயிருந்தது. இத்தகைய அசிரத்தைகளைத் தேடிப்பிடித்துக் காட்டுவதற்காக ஜான்ஸன் ‘லின்ட்’ என்னும் நிரலை இயற்றினார். எந்த இயந்திரத்துக்கும் எளிதில் திருத்திக்கொள்ளத்தக்க கம்பைலர் ஒன்றையும் அவரே படைத்தார்.

பைட்டுகளின் வரிசை இன்னொரு தொல்லை. ஈரிலக்க எண்ணில் பத்துகளின் இலக்கத்தை முன்னே எழுதுவாரும் பின்னே எழுதுவாரும் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். பிடிபி-11 சிறிய மதிப்புள்ள பைட்டை முன்னே வைக்கும்; இன்டர்டேட்டா பெரியதை முன்னே வைக்கும். இவ்வகை மாறுபாடுள்ள ஓர் இயந்திரத்தில் யூனிக்ஸ் முதன்முதல் கண்விழித்துத் தன் பெயரைச் சொல்ல முயன்றபோது, எழுத்துகள் இரண்டிரண்டாக இடம்மாறி ‘நுக்ஸி’ என்று உளறியதாக இத்தொழிலில் உள்ளோர் ஒரு கதை சொல்வதுண்டு. மெய்யோ கற்பனையோ, அச்சங்கடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் இன்றளவும் ‘நுக்ஸி’தான்.

ஆனால் மண் எவ்வளவு ஆழத்தில் ஒட்டியிருந்தது என்பதைக் காட்டுவது வேறொரு நிகழ்ச்சி. ஆறாம் பதிப்பின் கெர்னலில், ஒரு பணியை நிறுத்தி மற்றொரு பணியை ஓடவிடும் இடத்தில், இது உமக்கு விளங்கும் என்று யாம் எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. பல தலைமுறை மாணாக்கர் அதனைப் பெரியோரின் கர்வமென்று எண்ணிச் சினந்தனர். பிற்காலத்தில் ரிட்சி மனந்திறந்து எழுதினார்: உண்மையில் அவ்விடம் எழுதியவர்களுக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை. ஒரு நடைமுறையில் புகுந்தபோது சேமித்த நிலையைக்கொண்டு வேறொரு நடைமுறையின் வழியே வெளியேறும் தந்திரம் அது. பிடிபி-11இன் கம்பைலர் எல்லா நடைமுறைகளுக்கும் ஒரே விதமாக ரிஜிஸ்டர்களைச் சேமித்துவந்ததால் அத்தந்திரம் பலித்துக்கொண்டிருந்தது. இன்டர்டேட்டாவின் கம்பைலரோ எந்தெந்த ரிஜிஸ்டர்கள் தேவையோ அவற்றை மட்டும் சேமித்தது. எனவே நடைமுறைக்கு நடைமுறை வெளியேறும் வழி வேறுபட்டது, தந்திரமும் பலிக்கவில்லை. சொந்த நிலத்தில் ஆண்டுக்கணக்கில் பிழையென்றே தெரியாதிருந்த பிழை, அந்நிய நிலத்தில் கால் வைத்ததும் வெளிப்பட்டுவிட்டது.

எல்லா மண்ணையும் உதிர்த்த பின் எஞ்சுவது எவ்வளவு? 1978இல் தாம்ப்ஸன் தந்த கணக்கின்படி, கெர்னலில் சி மொழி வரிகள் ஏறக்குறைய 10,000. அசெம்பிளி வரிகள் 1,000. அந்த ஆயிரத்தில் 200 வரிகள் வேகத்தின் நிமித்தம் எழுதப்பட்டவை. மற்ற 800 வரிகளே சி மொழியால் சொல்ல இயலாத, இயந்திரத்தோடு நேருக்கு நேர் பேசவேண்டிய பகுதி. புதிய இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதியே தீரவேண்டியவை இத்தகைய வரிகள்.

இவற்றுக்கும் முந்திய வேலையொன்று உண்டு, அது துயிலெழுப்புதல். மின்சாரம் பாய்ந்தவுடன் வெறுமையான இயந்திரத்துக்கு முதல் சொல்லை யார் சொல்வது? பழைய பிடிபிகளில், முகப்பிலுள்ள சாவிகளை மேலும் கீழும் தள்ளி, நினைவகத்தில் சில கட்டளைகளை ஒருவர் கையாலேயே பதித்து, அவற்றைக்கொண்டு டிஸ்க்கிலிருந்து மீதியைப் படிக்கச் செய்வார்கள். ஐபிஎம் பிசி வகையில், பயாஸ் என்னும் நிலைநிரல் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து அதற்குக் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். அதிலும் 64 பைட்டுகள் பிரிவினை அட்டவணைக்கும் 2 பைட்டுகள் முத்திரைக்கும் போக, எஞ்சும் 446 பைட்டுகளுக்குள் தொடக்க நிரலை எழுதவேண்டும். இடப்பஞ்சம் இருக்கும் இடத்தில் மனிதனுடைய சாமர்த்தியம் எவ்வளவு பெருகுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

2012இல் வெளிவந்த முதல் ராஸ்பெரி பையின் வழக்கம் இன்னும் விநோதமானது. அதில் முதலில் விழிப்பது கணிக்கும் ஆர்ம் செயலியன்று, படங்காட்டும் செயலி. அதுவே எஸ்டி அட்டையிலிருந்து தொடக்கக் கோப்புகளைத் தேடியெடுத்து, கெர்னலை நினைவகத்தில் இருத்தி, அதுவரையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆர்ம் செயலியை எழுப்பிவிடும். இவ்வுண்மையை அறியாத நாளில், இறக்கிக்கொண்ட படிமக் கோப்பை அட்டையில் அப்படியே பதிப்பதற்குப் பதிலாக, ஏதோ புகைப்படத்தை நகலெடுப்பதுபோல் நகலெடுத்து வைத்துவிட்டு, ஒரு மாலை முழுதும் கருந்திரையை நோக்கிக்கொண்டிருந்தவன் நான். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. குற்றம் முழுதும் என்னுடையதே.

இன்டர்டேட்டாவில் தொடங்கிய இந்தக் குடிபெயர்ச்சியைக் குலத்தொழிலாகவே ஏற்றுக்கொண்டது 1993இல் தோன்றிய நெட்பிஎஸ்டி. இயந்திரத்தைச் சார்ந்த நிரலையும் சாராத நிரலையும் தனித்தனியே பிரித்துவைத்து, வாக்ஸ், அமிகா, ஸ்பார்க், ஆல்ஃபா என்று கண்டவிடமெல்லாம் அது குடியேறிய விதத்தை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம். அதுவரையில், தங்கள் வீட்டுப் பரணில் பழைய கணிப்பொறி ஏதேனும் கிடக்குமாயின், வாசகர்கள் தயைகூர்ந்து அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.