எடை குறைவது எப்போதும் நலமா?

இருதய நோயுற்றவர் மெலிந்தால், "சுமை குறைந்தது, நல்லதே" என்று சுற்றத்தார் மகிழ்வதை நாம் காண்கிறோம். பருமன் இருதயத்திற்குப் பகை என்பது மெய்தான். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சி, பருத்த உடலினருக்கு இருதயத் தளர்ச்சி வரும் வாய்ப்பு மிகுதி என்று 2002-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியது. ஆயினும், தளர்ச்சி வந்து நாட்பட்டபின் கணக்கு மாறிவிடுகிறது. அதனை இங்கு ஆராய்வோம்.

இருதயத் தளர்ச்சி என்பது இருதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைக்க இயலாமல் அது சோர்வதாகும். இந்நோயாளிகளைக் குறித்து 1997-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீக்க நீர் வடிந்ததனால் அன்றி, தாமும் முயலாமலே, இயல்பான எடையில் 7.5 சதவீதத்திற்கு மேல் இழந்திருந்தவர்களில் பாதிப்பேர் 18 மாதங்களுக்குள் உயிர் நீத்தனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த இழப்பு நாலரைக் கிலோவே.

இம்மெலிவுக்குக் காரணம் உணவுக் குறைவு மட்டுமன்று. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். அதனையொத்த ஓர் அழற்சி நோயாளியின் உடலெங்கும் ஓசையின்றிப் பரவுகிறது. அதனைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருள், கடுமையான தளர்ச்சியுற்றோர் இரத்தத்தில் மிகுந்திருப்பது 1990-இல் அறியப்பட்டது. இத்தகைய பொருள்கள் பசியைக் கெடுக்கின்றன, தசையைக் கரைக்கின்றன. ஆனால், அந்த ஒன்றை மட்டும் அடக்கும் மருந்துகளைப் பின்னர்ச் சோதித்தபோது பயன் விளையவில்லை. ஒரு மருந்து மிகுந்த அளவில் தீங்கே செய்தது.

நோயாளிகளுள் சற்றுப் பருத்தவர் மெலிந்தவரைவிட நீண்டநாள் வாழ்வதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அதைக் கேட்டு உடலைப் பெருக்க முனைதல் கூடாது. மெலிந்தோரிடையே நோய் முற்றியவர் பலர் இருப்பதும் அதற்குக் காரணமாகலாம்.

ஆகவே, எடையை இருவகையாக நோக்க வேண்டும். நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன்னர் எடை பார்த்து எழுதிவைத்தல் நலம். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அது பெரும்பாலும் சதையன்று, தேங்கிய நீர். உடனே மருத்துவரிடம் கூறவேண்டும். மாதக்கணக்கில் மெல்ல இறங்கினாலும் கூறவேண்டும். சில வேளை காலில் நீர் ஏற, தோளில் சதை கரைய, எடை மாறாமலே நிற்கும். அப்போது எடைக்கருவி காட்டாததை, தோளில் தொளதொளக்கும் சட்டை காட்டிவிடும்.