மூலிகை டீ குடிக்கிறீர்களா? கவரைத் தூக்கிப் போடாதீர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஊர்களில் திரும்பத் திரும்ப இது நடக்கிறது. சந்தையிலோ பஸ் ஸ்டாண்டிலோ ‘சர்க்கரைக்கு மூலிகை டீ’ என்று ஒரு பொட்டலம் வாங்குகிறார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். சர்க்கரை ஏறி, காலில் புண் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். “என்ன குடித்தீர்கள்?” என்று டாக்டர் கேட்டால் பதில் இல்லை. கவரைக் குப்பையில் போட்டாயிற்று. பில் வாங்கவே இல்லை. விற்றவர் யாரென்றும் தெரியாது. இதற்கு எந்த அலுவலகத்தில் போய் நியாயம் கேட்க முடியும்?

கஷாயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரிசல் காட்டு வெயிலுக்கு ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கருப்பட்டி போட்டுக் குடிப்பது பழைய வழக்கம். தொண்டைக் கட்டுக்குத் துளசியும் கற்பூரவல்லியும், சளிக்குத் தூதுவளை, உடம்பு அலுப்புக்குச் சுக்குமல்லிக் காப்பி, இவையெல்லாம் கொல்லையிலும் அடுக்களையிலும் இருப்பவை. வீட்டுப் பெரியவர்களுக்குச் செடி தெரியும், அளவு தெரியும், இரண்டு மூன்று நாளில் நிறுத்தவும் தெரியும். பெயர் தெரியாத பொடியை மாதக்கணக்கில், மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாசலில் பூக்கும் செடி. சர்க்கரைக்கு அதன் பூவைக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஜமைக்காவிலும் இதே பழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆய்வாளர்கள் 1950-களில் சோதித்தார்கள். எலிகளுக்கு அதன் சாற்றை ஊசியாகப் போட்டபோது சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அந்தச் செடியிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகள். அப்படிப்பட்ட செடியை அளவில்லாமல் காய்ச்சிக் குடிப்பதை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

ஆடாதொடை சளிக்கு நல்லதுதான், ஆனால் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். தொண்டைக்கு இதமான அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பு இளைக்க என்று விற்கும் டீத்தூளில் நிலாவாரை இலை இருக்கலாம். அது பேதி மருந்து, நாள்கணக்கில் குடித்தால் உடம்பின் பொட்டாசியம் சத்து வெளியேறும். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிர் ஆபத்து.

பறிக்கும் இடத்தையும் பாருங்கள். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளக் காட்டில் மருந்தடிப்பு கூடிவிட்டது. பருத்திக் காடும் மல்லிகைத் தோட்டமும் கேட்கவே வேண்டாம். அந்த வரப்பில் நிற்கும் ஆவாரையிலும் கீழாநெல்லியிலும் அந்த மருந்துதான் படிந்திருக்கும். நாற்கரச் சாலை ஓரத்தில் பறிப்பதும் வேண்டாம். தொட்டியில் நான்கு செடி வளர்த்தால் வீட்டுக்குப் போதும்.

இனிச் சட்டம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருளாக விற்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். சித்த மருந்தாக விற்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், காலாவதி தேதி இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஆவாரை பூத்தால் சாவே இல்லை என்ற பழமொழியை அட்டையில் அச்சடித்துவிட்டால் அது மருந்து ஆகிவிடாது.

புகாரோடு போனால், இது மருந்து, நாங்கள் பார்க்க முடியாது என்பார்கள் ஒரு அலுவலகத்தில். இது உணவு, அங்கே போங்கள் என்பார்கள் இன்னொன்றில். சம்பளம் வாங்கும் அலுவலர்கள் இப்படி அலையவிடுவது வெட்கக்கேடு. திரும்பி வந்துவிடாதீர்கள். 14 இலக்க எண் இருந்தாலும், எந்த எண்ணுமே இல்லாவிட்டாலும், விருதுநகரில் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு எழுதுங்கள். அந்தத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கவரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். சித்த மருந்து உரிம எண் இருந்தால், மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கு மனு, நகல் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதி ஆணையரகத்துக்கு. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீது இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி, அதிகாரிதான் மாதிரி எடுக்க வேண்டும் என்றில்லை. வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே குடித்துவிட்டவர், சாட்சிக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு அதே கடையில் இன்னொரு பாக்கெட்டைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். பில் கட்டாயம். பொருளில் குற்றம் இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்கு எட்டும் அரசு ஆய்வகங்கள் மதுரையிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கின்றன.

உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் 108. மிச்சப் பொடியையும் கவரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கஷாயம் குடித்ததை மறைக்காதீர்கள், டாக்டர் திட்டினால் திட்டட்டும். வெளிநோயாளிச் சீட்டில் ‘மூலிகைப் பொடி குடித்தவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த ஒரு வரிதான் உங்கள் சாட்சி. மறுபடியும் சொல்கிறேன், கவரைத் தூக்கிப் போடாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நஷ்டஈடு கேட்க நம் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வெளியூரில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சந்தேகம் இருந்தால் 1915-க்கு போன் போட்டுக் கேளுங்கள். பாதிப்பு வந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். எழுதத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். படிக்கிற பிள்ளையிடம் சொல்லி வெள்ளைத்தாளில் எழுதி, பில்லையும் சீட்டையும் நகலெடுத்துச் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.